பிரமிளா ஜெயபால்: சென்னையில் பிறந்த அமெரிக்க அரசியல்வாதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில் பக்கம் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் பிரமிளா ஜெயபால் பெயர் எப்படியாவது வந்துவிடும். "நம்ம மெட்ராஸ் பொண்ணாமே" என்று தொடங்கும் பேச்சு, கமலா ஹாரிஸோடு குழப்பிக்கொள்வதில் போய் முடியும். ஒரே சந்தேகங்களுக்கு ஒரே பதிலைப் பலமுறை சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். அவர் வாஷிங்டன் டி.சி.க்குப் போனபிறகு நடந்தது செய்திகளிலேயே கிடைக்கும். அதற்கு முன் மாநில செனட்டில் இருந்த இரண்டு வருடத்தையும், அதற்கும் முன்னால் எந்தத் தேர்தலிலும் நிற்காமல் ஓடிய 13 வருடத்தையும்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே அந்தப் பகுதி கொஞ்சம் நீளம்.

யார் இவர்? ரெண்டு வரியில சொல்லுங்க.

1965 செப்டம்பர் 21 அன்று சென்னையில் பிறந்தவர். 16 வயதில் தனியாக அமெரிக்கா போனவர். 2014-ல் வாஷிங்டன் மாநில செனட்டுக்கும், 2016-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஜனநாயகக் கட்சிக்காரர், அந்தக் கட்சியின் இடதுசாரிப் பக்கம். இங்கே வாஷிங்டன் என்றால் வெள்ளை மாளிகை இருக்கும் ஊர் இல்லை. மேற்குக் கரையில், சியாட்டில் இருக்கும் மாநிலம். இந்தக் குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொண்டால் மீதியைப் படிப்பது சுலபம்.

தமிழ்ப் பொண்ணுதானே?

இல்லை, மலையாளிக் குடும்பம். பிறந்த ஊர்தான் சென்னை. சின்ன வயதிலேயே குடும்பம் இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது, வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஜகார்த்தாவில். இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் வாடிவிடுகிறது. அவர்களுக்காகவே அடுத்தடுத்த இரண்டு பதில்கள்.

கமலா ஹாரிஸுக்கு இவர் சொந்தமா?

எந்த உறவும் இல்லை. கமலா ஹாரிஸ் பிறந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில். அவருடைய அம்மா ஷ்யாமளா கோபாலன்தான் சென்னைக் குடும்பம். அதாவது ஹாரிஸ் குடியேறியவர்களின் மகள், பிரமிளா தானே குடியேறியவர். சட்டப்படி இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது கடைசிப் பகுதியில், ஜனாதிபதி பதவி பற்றிய கேள்வியில் வரும்.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016 நவம்பரில் ஒரே தேர்தலில் ஹாரிஸ் அமெரிக்க செனட்டுக்கும், பிரமிளா, ரோ கன்னா, ராஜா கிருஷ்ணமூர்த்தி மூவரும் பிரதிநிதிகள் சபைக்கும் புதிதாகப் போனார்கள். நாலு பேர் படத்தையும் சேர்த்துப் போட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின. இதில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை கிருஷ்ணமூர்த்தி.

சியாட்டில்ல சோஷலிஸ்ட்னு சொல்லிக்கிட்டு ஜெயிச்ச இந்தியப் பெண், அது இவர்தானே?

அது க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சாவந்த் என்பது திருமணத்தில் வந்த பெயர். அவர் இருந்தது சியாட்டில் நகர மன்றத்தில், மாநில சட்டமன்றத்தில் இல்லை. ஜனநாயகக் கட்சியிலும் இல்லை. 2023-ல் சியாட்டிலில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் சாவந்த்தான்.

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததும் உண்டு. மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கொண்டுவருவது என்று ஆராய மேயர் அமைத்த குழுவில் இரண்டு பேருமே உறுப்பினர்கள். 2014 ஜூனில் நகர மன்றம் அதை நிறைவேற்றியது. அப்போது பிரமிளாவுக்கு எந்தப் பதவியும் கிடையாது.

அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்? வசதியான வீடா?

படித்த வீடு. ஆனால் பணம் தாராளமாகப் புழங்கிய வீடு என்று சொல்ல முடியாது. 1982-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், அப்பா கையிருப்பில் இருந்த சுமார் 5,000 டாலரை மகளை அனுப்புவதற்கே செலவழித்தார். பெற்றோர் ஒரு கண்டத்தில், பெண் இன்னொரு கண்டத்தில். வீட்டுக்குப் போன் போடுவதே வருடத்துக்கு ஒரு முறைதான்.

அந்த ஒரு போனையும் ஒரு வருடம் எதற்குச் செலவழித்தார் என்பதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார்: பொருளாதாரம் இல்லை, ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்வதற்கு. ஆங்கிலம் பேசத்தான் உனக்கு ஏற்கெனவே தெரியுமே, அதற்கா அனுப்பினேன் என்று அப்பா கத்தியதில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்ததாம். இலக்கியம் படித்தாலும் பட்டதாரி எந்த வேலைக்குப் போவாளோ அந்த வேலைக்குத்தான் போவேன் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். சொன்னபடியே, பெரிய நிதி நிறுவனங்கள் இருக்கும் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டுக்கும் போனார்.

அப்போ ஆரம்பத்துல இருந்தே அரசியல்ல ஆர்வமா?

தெரிந்தவரை இல்லை. பெய்ன்வெப்பர் நிறுவனத்தில் நிதி ஆய்வாளர். அப்புறம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெலாக் மேலாண்மைப் பள்ளியில் எம்.பி.ஏ. அப்புறம் இதயத் துடிப்பை மீட்கும் டீஃபிப்ரிலேட்டர் கருவிகளை விற்கும் வேலை. 1991-ல் சியாட்டிலில் பாத் என்ற சர்வதேச சுகாதார அமைப்பில் சேர்ந்தபோதுதான் வண்டி வேறு பாதையில் திரும்பியது.

1995-லிருந்து இரண்டு வருடம் ஆய்வு உதவித்தொகையில் இந்தியாவில் தங்கி, கிராமங்களையும் சிறு ஊர்களையும் சுற்றினார். அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு வருடத்தின் முடிவில்தான் அவருடைய குடியுரிமைப் பேப்பர் கதை தொடங்குகிறது.

1982-ல போனவருக்கு 2000-லதான் குடியுரிமை. ஏன் இத்தனை வருஷம்?

மாணவர் விசா, வேலை விசா என்று ஒவ்வொரு படியாக ஏறி, பிறகு திருமணத்தின் வழியாகக் கிரீன் கார்டு வாங்கியவர். கிரீன் கார்டு இருப்பவர் நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்தால் அந்த உரிமையே போய்விடலாம், குறித்த கெடுவுக்குள் திரும்பியாக வேண்டும். 1997-ல் திரும்ப வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மும்பையில் அவருக்குக் குழந்தை பிறந்தது. ஏழு மாதம்கூட நிறையாத குழந்தை, எடை ஒரு கிலோவுக்கும் கீழே, சுமார் 850 கிராம். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியுமா? கெடு தாண்டிவிட்டது.

குழந்தை பிறப்பால் அமெரிக்கக் குடிமகவு, அப்பா அமெரிக்கர், அம்மாவுக்கு மட்டும் உள்ளே வர உரிமை இருக்கிறதா என்பது கேள்வி. கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் குடியுரிமைக்கான வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. எம்.பி.ஏ. முடித்து, அமெரிக்கரை மணந்து, ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஒருவருக்கே இந்தப் பாடு. பிற்பாடு அவர் நடத்திய அமைப்பைப் புரிந்துகொள்ள வால் ஸ்ட்ரீட்டை விட இந்த மும்பை ஆஸ்பத்திரி வாசல்தான் உதவும் என்பது என் எண்ணம்.

பொது வாழ்க்கைக்கு எப்படி வந்தார்?

2001 செப்டம்பர் 11. அதற்கு அடுத்த நாள்களில் தலைப்பாகை கட்டியவர்கள், தலையில் துணி போட்ட பெண்கள், பார்க்க அரபியர் போல் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெருவில் நடக்கவே பயம். பிரமிளா சியாட்டில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் மெக்டெர்மட்டைப் போய்ப் பார்த்து, இந்த மாநிலத்தை வெறுப்பற்ற பகுதியாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஹேட் ஃப்ரீ ஸோன் என்ற அமைப்பு. 2008-ல் ஒன்அமெரிக்கா என்று பெயர் மாறியது. மெக்டெர்மட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

2001 நவம்பரில் சியாட்டிலின் ரெய்னியர் பள்ளத்தாக்கில், சோமாலியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு கடையை மத்திய அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அதே கட்டடத்தில் இருந்த, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்ன மளிகைக் கடையின் சரக்கையும் அள்ளிப் போய்விட்டார்கள். கடைக்காரருக்கு வக்கீல் யார், நஷ்டஈடு யாரிடம் கேட்பது, எந்த படிவம் நிரப்புவது? அமைப்பின் ஆரம்ப கால வேலை இந்த மாதிரிதான். மேடைப் பேச்சு குறைவு, படிவம் நிரப்புவதும் கூட நிற்பதும் அதிகம். பிறகு புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்களில் 23,000 பேருக்கு மேல் வாக்காளர்களாகப் பதிவு செய்ததும் இதே அமைப்புதான்.

சோமாலியர்களை நாடு கடத்தறதை வழக்குப் போட்டு நிறுத்தினாராமே?

ஆமாம், ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏற்றுக்கொள்ள ஒரு அரசாங்கமே இல்லாத சோமாலியாவுக்கு ஆளை எப்படி அனுப்புவது என்பது வழக்கு. ஹேட் ஃப்ரீ ஸோனும் வழக்கறிஞர்களும் சேர்ந்து புஷ் அரசை எதிர்த்துப் போனார்கள். சியாட்டில் மாவட்ட நீதிமன்றம் 2003-ல் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான சோமாலியர்களின் வெளியேற்றத்தை நிறுத்தியது. மேல்முறையீட்டிலும் அந்தத் தடை நிலைத்தது.

2005-ல் வேறொரு சோமாலியரின் வழக்கில், அனுப்பப்படும் நாட்டின் சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 5-க்கு 4 என்று சொல்லிவிட்டது. ஆக, நிரந்தர வெற்றி என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்த இடைப்பட்ட வருடங்கள் அந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிது என்பது வேறு விஷயம்.

மாநில செனட்டர்னா நம்ம ஊர் எம்.எல்.ஏ. மாதிரியா?

கிட்டத்தட்ட. வாஷிங்டன் மாநிலத்தில் 49 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள். செனட்டருக்கு நான்கு வருடம். தலைநகரம் சியாட்டில் இல்லை, ஒலிம்பியா என்ற சின்ன ஊர். கூட்டத்தொடர் ஒற்றைப்படை வருடத்தில் 105 நாள், இரட்டைப்படை வருடத்தில் 60 நாள். அதனால் இதைப் பகுதிநேர வேலையாகவே வைத்திருக்கிறார்கள். பிரமிளா சேர்ந்தபோது சம்பளம் வருடத்துக்குச் சுமார் 42,000 டாலர். சியாட்டில் வாடகையைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர் மாதிரி கார், பாதுகாப்பு, கொடி எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே வேலை என்றால் குழுக் கூட்டங்கள்தான். மசோதா உயிரோடு இருப்பதும் சாவதும் அங்கேதான் முடிவாகும்.

வெளிநாட்டுல பிறந்தவங்க அங்க தேர்தல்ல நிக்கலாமா?

குடியுரிமை வாங்கிவிட்டால் நிற்கலாம். அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அமெரிக்கக் குடியுரிமையும் அந்தத் தொகுதியில் வாக்குரிமையும் இருந்தால் போதும். மத்தியில் மட்டும் வருடக் கணக்கு உண்டு: பிரதிநிதிகள் சபைக்குக் குடியுரிமை வாங்கி 7 வருடம், அமெரிக்க செனட்டுக்கு 9 வருடம்.

2014 தேர்தல்ல இவரும் ஜனநாயகக் கட்சி, எதிர்த்து நின்னவரும் ஜனநாயகக் கட்சியாமே? அது எப்படி?

அந்த மாநிலத்து முறை அப்படி. ஆகஸ்ட் முதல்கட்டத் தேர்தலில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் வருவார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள், எந்தக் கட்சியானாலும், நவம்பரில் மோதுவார்கள். வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். பிரமிளா நின்ற 37-வது தொகுதி சியாட்டிலின் தென்கிழக்குப் பகுதி. மேலே சொன்ன அதே ரெய்னியர் பள்ளத்தாக்கும் இதில்தான் வருகிறது. குடியரசுக் கட்சி ஜெயிக்கவே வாய்ப்பில்லாத இடம். அதனால் உள்கட்சிப் போட்டிதான் உண்மையான போட்டி.

இருந்த செனட்டர் ஓய்வு பெற, ஆறு பேர் களத்தில் நின்றார்கள். முதல்கட்டத்திலேயே பிரமிளாவுக்குப் பாதிக்கு மேல் வாக்கு. பல வருடம் அந்தத் தெருக்களில் படிவம் நிரப்பியவருக்கு இது ஆச்சரியமான முடிவு இல்லை.

செனட்டுல அப்படி என்ன செஞ்சார்? ஒரே ஒரு சட்டம்தான் கொண்டுவந்தார்னு சொல்றாங்களே?

அவருடைய மாநிலச் சாதனை மெலிது என்று 2016-ல் எதிரணியே பிரசாரம் செய்தது. எண்ணிக்கையில் குறைவு என்பது நிஜம்தான். ஆனால் 2015-ல் அந்த செனட் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். குடியரசுக் கட்சியினர் 25 பேர், அவர்களோடு சேர்ந்துகொண்ட ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர், மொத்தம் 26. எதிர்ப்பக்கம் 23. முதல் தடவை வந்த, சிறுபான்மைப் பக்கம் உட்கார்ந்த உறுப்பினர் ஒரு மசோதாவை நிறைவேற்றுவதே பெரிய பாடு.

அப்படி நிறைவேறியது மசோதா 5863. நெடுஞ்சாலைக் கட்டுமான வேலைகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்க்க, போக்குவரத்துத் துறை முன்பயிற்சி தர வேண்டும் என்பது அது. சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அதே 2015-ல்தான் அந்த மாநிலம் பெட்ரோல் வரியை ஏற்றி, சுமார் 1,600 கோடி டாலர் சாலைத் திட்டத்தை அறிவித்தது. சாலை போடப் பணம் வருகிற வருடத்தில், அந்த வேலை யாருக்குப் போகும் என்று கேட்ட மசோதா இது. நல்ல கணக்கு.

நிறைவேறாததில் முக்கியமானது, மாநிலக் குறைந்தபட்சக் கூலியை 12 டாலர் ஆக்கும் மசோதா. அப்போது அது 9.47 டாலர். கீழவையில் இதே மாதிரி மசோதா தேறியது, செனட்டில் படுத்துவிட்டது. ஆனால் 2016 நவம்பரில் கோரிக்கை நேரடியாக வாக்காளர்களிடம் போனது. 1433 என்ற எண்ணில் நடந்த வாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு, 2020-க்குள் 13.50 டாலர். ஒலிம்பியாவில் தோற்றது மக்களிடம் போய் ஜெயித்தது. அந்தப் பெருமை பல தொழிற்சங்கங்களுக்கும் உரியது, இவருக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது.

மாநில அரசியலுக்கு வந்த முதல் குடியேறிய பெண் இவர்தானா?

அந்த மாநிலச் சட்டமன்றத்தில் முதல் தெற்காசியப் பெண் என்பது சரி. 2015-ல் அந்த செனட்டில் இருந்த ஒரே வெள்ளையரல்லாத பெண்ணும் அவர்தான். ஆனால் ஆசியப் பெண் என்று எடுத்தால், பிலிப்பைன்ஸில் பிறந்த வெல்மா வெலோரியா 1992-லேயே அந்த மாநிலத்தின் கீழவைக்கு ஜெயித்திருக்கிறார். மின்னசோட்டாவில் லாவோஸிலிருந்து அகதியாக வந்த மீ மூவா 2002-ல் மாநில செனட்டர். மேரிலாண்டில் ஹைதராபாத்தில் பிறந்த அருணா மில்லர் 2023-ல் துணை ஆளுநர்.

பிரமிளாவுக்குப் பின்னால் வாஷிங்டன் மாநில செனட்டுக்கே போபாலில் பிறந்த மன்கா திங்ரா 2017-ல் வந்தார். 26-க்கு 23 என்ற பழைய கணக்கு அதற்குள் 25-க்கு 24 என்று குறுகியிருந்தது, அவர் ஜெயித்த அந்த ஒரு தொகுதியால்தான் அதுவும் உடைந்து, செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது.

நாலு வருஷப் பதவியை ரெண்டு வருஷத்துல விட்டுட்டுப் போனது சரியா? புதுத் தொகுதியில வீடுகூட இல்லையாமே?

இரண்டுமே நியாயமான கேள்வி. 2016 ஜனவரியில் மெக்டெர்மட் ஓய்வை அறிவித்தார். ஆமாம், 2001-ல் போய்ப் பார்த்த அதே மெக்டெர்மட். அந்த இடத்துக்கு பிரமிளா இறங்கினார். சியாட்டிலில் அவர் குடியிருந்த கொலம்பியா சிட்டி என்ற பகுதி, மெக்டெர்மட்டின் 7-வது நாடாளுமன்றத் தொகுதிக்குச் சற்று வெளியே இருந்ததும் உண்மை. அரசியல் சாசனப்படி அந்த மாநிலத்தில் வசித்தால் போதும், அதே தொகுதியில் வசிக்க வேண்டியதில்லை. சட்டப்படி பிழையில்லை. எதிராளிக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது, அவ்வளவுதான்.

விட்டுப்போன செனட் இடத்துக்கு உடனே இடைத்தேர்தல் கிடையாது. கட்சியின் உள்ளூர் நிர்வாகிகள் மூன்று பெயர் கொடுக்க, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மன்றம் ஒருவரை நியமிக்கும். 2016 டிசம்பரில் ரெபெக்கா சல்டான்யா அப்படி வந்தார்.

மெக்டெர்மட்டோட பையனைத் தோற்கடிச்சுத்தான் ஜெயிச்சாரா?

இந்தக் கேள்வி வருமென்று எனக்குத் தெரியும். களத்தில் நின்ற ஜோ மெக்டெர்மட்டுக்கும் ஓய்வுபெற்ற ஜிம் மெக்டெர்மட்டுக்கும் சொந்தம் கிடையாது. பெயர்தான் ஒன்று. முதல்கட்டத்தில் பிரமிளா 42 சதவீதம், ஜோ மூன்றாவது. நவம்பரில் எதிர்த்தது இரண்டாவது வந்த பிராடி வாக்கின்ஷா, அவரும் ஜனநாயகக் கட்சி. முடிவு 56-க்கு 44. பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் இந்திய அமெரிக்கப் பெண் என்ற பெயரும் அப்போது வந்தது.

இந்தியாவுக்கு எதிரானவர்னு வாட்ஸ்அப்ல வருதே?

2019 டிசம்பரில், காஷ்மீரில் தகவல் தொடர்புத் தடைகளை நீக்கும்படி கேட்டு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்தச் சமயத்தில் அமெரிக்கா போயிருந்த வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், இவர் கலந்துகொள்ளும் சந்திப்பே வேண்டாம் என்று ரத்து செய்தார். செய்தி அவ்வளவுதான். தீர்மானம் பிடிக்காதவர்கள் எதிரி என்கிறார்கள், பிடித்தவர்கள் மனித உரிமை என்கிறார்கள். சொந்த அரசை எதிர்த்தே வழக்குப் போட்டவர் (சோமாலியர் வழக்கைப் பாருங்கள்) பிறந்த நாட்டு அரசை மட்டும் விட்டுவைப்பார் என்று எதிர்பார்த்தது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இவங்க அக்காவும் அரசியல்லயா?

சுசீலா ஜெயபால். பக்கத்து மாநிலமான ஆரிகனில், போர்ட்லாந்து இருக்கும் மல்ட்னோமா கவுண்டியின் ஆணையராக 2019 முதல் 2023 வரை இருந்தார். 2024-ல் நாடாளுமன்றத்துக்கு முயன்று கட்சி முதல்கட்டத் தேர்தலிலேயே தோற்றார்.

ஒருநாள் ஜனாதிபதி ஆவாரா?

முடியாது. பிறப்பால் குடிமக்களாக இருப்பவர்கள் மட்டுமே ஜனாதிபதியோ துணை ஜனாதிபதியோ ஆகலாம். ஓக்லாந்தில் பிறந்த ஹாரிஸால் துணை ஜனாதிபதி ஆக முடிந்தது, சென்னையில் பிறந்த இவரால் முடியாது. எத்தனை தேர்தல் ஜெயித்தாலும் அந்தக் கதவு மட்டும் திறக்காது.

என் பொண்ணு ஹெச்-1பி-ல இருக்கா. அவளும் இதுல எல்லாம் இறங்கலாமா?

ஓட்டுப் போட முடியாது, அதில் விளையாட்டே வேண்டாம். தெரியாமல் வாக்காளர் பட்டியலில் பதிந்தால்கூடப் பிற்காலத்தில் குடியுரிமைக்கே ஆபத்து. தேர்தல் நிதியும் கொடுக்கக்கூடாது, கிரீன் கார்டு கிடைத்த பிறகுதான் அது. சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் தொண்டு செய்யத் தடையில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு குடிவரவு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் ஒலிம்பியாவில் ஒரு மசோதா குழுவுக்கு வரும்போது பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். இப்போதெல்லாம் வீட்டிலிருந்து வீடியோவிலேயே பேசலாம். நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும், அதனால் எழுதி வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.